பூட்டிய பீரோவும் தேடுபெட்டியும்: பள்ளி நூலகத்துக்கு இணையத்திலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

தமிழம்மா | சனி, இரவு 9.10

வணக்கம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். ஜூன் மாதம் நூலகப் பொறுப்பும் என் கைக்கு வந்தது. பொறுப்பு என்றால் ஒரு சாவிக்கொத்து, ஒரு இருப்புப் பதிவேடு, மூன்று இரும்பு பீரோ. பதிவேட்டில் 1,640 புத்தகம் என்று இருக்கிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரோடு இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன், 1,382 இருந்தன. காணாமல் போனவற்றைவிட, இருப்பவற்றைப் பார்த்துத்தான் எனக்கு வலித்தது. பள்ளி முத்திரை குத்திய பக்கத்துக்கு அப்பால் கை படாத புத்தகங்கள். சிலவற்றில் தாள்களின் விளிம்பு இன்னும் பிரிக்கப்படவே இல்லை.

எங்கள் பள்ளியில் படித்து இப்போது சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறவர்கள் சேர்ந்து பணம் தருகிறோம் என்கிறார்கள். "டிஜிட்டல் நூலகமாக ஆக்குங்கள் டீச்சர்" என்பது அவர்கள் ஆசை. ஒரு நிறுவனத்தார் வந்து பத்து டேப்லெட், ஒரு செயலி, ஆயிரக்கணக்கில் மின்னூல், ஆண்டுச் சந்தா என்று விளக்கினார்கள். சந்தா நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். மின்னூல்களும் நின்றுவிடுமாம். எங்கள் பீரோவில் இருக்கிற புத்தகம் உங்கள் தேடலில் வருமா என்று கேட்டேன். வராதாம்.

ஹைடெக் லேபில் கணினிகள் இருக்கின்றன. இணையம் ஓடும், மழை வந்தால் நிற்கும். பிள்ளைகள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவர முடியாது. இந்த நிலையில் புதிய இணையத் தொழில்நுட்பம் எங்களுக்கு உண்மையில் என்ன செய்யும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செக்காலை நிரலர் | சனி, இரவு 10.02

தமிழம்மா, அந்தச் சந்தாவில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் உங்களுக்கு வேண்டியது தேடக்கூடிய அட்டவணை. கோஹா என்று ஒரு கட்டற்ற நூலக மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக 1999-இல் எழுத ஆரம்பித்து 2000-இல் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. உரிமத்துக்குக் காசு கிடையாது. உலாவியிலேயே எல்லாம் நடக்கும்: பதிவு, இரவல், திருப்பிப் பெறுதல், தேடல். நான் சென்னையில் வேலை பார்த்தாலும் மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிறேன். நிறுவித் தருகிறேன்.


ஊர்ப்புற நூலகர் | ஞாயிறு, காலை 6.45

நிரலர் தம்பி சொல்வது நல்ல மென்பொருள்தான், நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் 1,382 புத்தகத்துக்கு அது பெரிய வண்டி. ஒரு சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தமிழம்மாவுக்கு மாறுதல் வந்துவிட்டால் அடுத்து வருகிறவர் அதைத் தொடவே தயங்குவார். பள்ளி நூலகங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது: ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரோடு அமைப்பு வரும், அவரோடேயே போய்விடும்.

இன்னொன்று. புத்தகத்துக்கென்று தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணை ஸ்கேன் செய்தால் விவரம் தானாக வந்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். அந்த எண்முறை வந்ததே 1970 வாக்கில். அதற்கு முன்னால் அச்சான தமிழ்ப் புத்தகத்தில் எண் இருக்காது, பிறகு வந்த சின்னப் பதிப்பகங்களின் புத்தகங்களிலும் பலவற்றில் இல்லை. உங்கள் பீரோவில் பாதிக்கு மேல் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

எக்செல் மாதிரி ஒரு விரிதாளில் ஆரம்பியுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பொருள், எந்த பீரோ எந்தத் தட்டு. அதோடு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான வாசிப்பு இயக்கத்தின் நிலை: நுழை, நட, ஓடு, பற. தாள் ஒழுங்காக இருந்தால் பின்னால் எந்த மென்பொருளுக்கும் ஏற்றிக்கொள்ளலாம்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் அரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. அதே 1931-இல்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு இருந்த வண்டி அது. இன்றைக்கு வலை. பிள்ளை கையில் புத்தகம் போய்ச் சேர்ந்ததா என்றுதான் நான் பார்ப்பேன்.


செக்காலை நிரலர் | ஞாயிறு, காலை 8.20

நூலகர் சார் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். விரிதாளே போதும். அதை ஒரு எளிய வலைப்பக்கமாக மாற்றித் தருகிறேன். ஒருமுறை உலாவியில் திறந்தால் அட்டவணை முழுக்கக் கணினியிலேயே தங்கிவிடும்படி செய்யலாம், அதற்குச் சர்வீஸ் வொர்க்கர் என்று பெயர். மழையில் இணையம் போனாலும் தேடல் ஓடும். பாதுகாப்பான முகவரியில் பக்கம் இருந்தால்தான் உலாவி இதற்கு விடும், அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் தட்டச்சு செய்யும்போதே கவனிக்க வேண்டிய சில விஷயம் உண்டு. இதில் நான் நிறைய அடிபட்டிருக்கிறேன், அதனால் நீளமாகச் சொல்கிறேன்.

உங்களிடம் பழைய பட்டியல் ஏதாவது கணினியில் இருந்தால் அது பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதை எல்லாக் கணினியிலும் தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் ஏற்றினால் எந்தத் தேடலிலும் அகப்படாது. மாற்றிகள் இலவசமாகவே இருக்கின்றன.

அடுத்தது ஔவையார். நிறையப் பேர் 'ஔ' என்ற ஒரே எழுத்தைத் தட்டாமல் 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு பிள்ளை சரியாகத் தட்டித் தேடினால் ஆத்திசூடி இல்லை என்று வரும், பீரோவில் நாலு பிரதி இருக்கும்! துணைக்கால் போட வேண்டிய இடத்தில் 'ர' போடுவதும் இதே வகை. 'கொ' என்பதைக் கூட ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். இந்தக் கடைசி ஒன்றை மென்பொருளே ஒருமைப்படுத்திவிடும். ஔ-வையும் கால்-ர குழப்பத்தையும் ஆள் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அப்புறம் தலைப்பெழுத்து. 'அழ. வள்ளியப்பா', 'அழ.வள்ளியப்பா', 'வள்ளியப்பா, அழ.' மூன்றும் கணினிக்கு மூன்று ஆள். புனைபெயர் இன்னும் சிக்கல். கண்ணதாசன், வணங்காமுடி, காரைமுத்துப் புலவர் எல்லாம் ஒருவரே என்று யார் சொல்வது? இங்கேதான் 2012-இல் தொடங்கிய விக்கித்தரவு என்ற கட்டற்ற தகவல் களஞ்சியம் கைகொடுக்கிறது. அதில் இடம்பெற்ற ஒவ்வோர் எழுத்தாளருக்கும் ஒரு நிரந்தர எண் உண்டு. உங்கள் தாளில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணை மட்டும் எழுதிவையுங்கள். பிறந்த ஊர், வேறு பெயர்கள், ஆண்டு எல்லாம் அங்கிருந்து வரும். ராயவரத்தில் அழ. வள்ளியப்பா, சிறுகூடல்பட்டியில் கண்ணதாசன், தேவகோட்டையில் தமிழ்வாணன், மகிபாலன்பட்டியில் பண்டிதமணி கதிரேசன் செட்டியார் என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்து, தொட்டால் உங்கள் பீரோவின் தட்டு எண் வரும்படி செய்யலாம். ஒரு பிள்ளை தன் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் எழுதிய புத்தகம் என்று தெரிந்து அதை எடுத்தால், எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?


இளநிலை மாணவன் | ஞாயிறு, காலை 11.15

இவ்வளவும் எதற்கு அண்ணே? செயற்கை நுண்ணறிவிடம் "ஏழாம் வகுப்புக்கு ஏற்ற கடல் பயணக் கதை சொல்லு" என்றால் சொல்லிவிடுமே. சொல் பொருந்தாவிட்டாலும் பொருளைப் புரிந்து தேடும் முறை இப்போது வந்துவிட்டது. நான் அழகப்பா பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசுகிறோம்.


தமிழம்மா | ஞாயிறு, பகல் 2.30

தம்பி, நான் முயன்று பார்த்தேன். செட்டிநாட்டுச் சிறுவர் கதைகள் ஐந்து சொல் என்று ஓர் உரையாடல் செயலியிடம் கேட்டேன். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று அழகாகக் கொடுத்தது. அதில் இரண்டு புத்தகங்களை எந்த அட்டவணையிலும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, நான் கேட்ட பதிப்பகத்தாரும் அப்படி ஒன்று போடவில்லை என்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது, தேடினேன். பத்து வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?


செக்காலை நிரலர் | ஞாயிறு, பகல் 3.05

இளநிலைத் தம்பி சொன்னதில் ஒரு பாதி சரி. பொருளை வைத்துத் தேடும் முறை உண்மையிலேயே பெரிய மாற்றம். "எனக்குப் பாட்டி செத்துப் போயிருச்சு, அது மாதிரி கதை இருக்கா" என்று ஒரு குழந்தை கேட்டால் தலைப்பில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் எடுத்துத் தரும். புத்தகத்தைக் கற்பனை செய்யாமல் இருக்க வழியும் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் இருக்கிற பதிவுகளை மட்டுமே காட்டு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல் என்று கட்டிவிடலாம். புதிதாக எழுதவே விடாமல் தேடலுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் இன்னும் பத்திரம்.

ஆனால் எதை வைத்துத் தேடும்? நம் தாளில் இருப்பது தலைப்பும் ஆசிரியரும். 'மலரும் உள்ளம்' என்ற இரண்டு சொல்லிலிருந்து உள்ளே குழந்தைகளுக்கான பாட்டு இருக்கிறது என்று எந்த இயந்திரத்துக்கும் நிச்சயமாகத் தெரியாது. புத்தகம் எதைப் பற்றியது என்று இரண்டு வரி வேண்டும். 1,382 புத்தகத்துக்கு இரண்டு வரி. யார் எழுதுவது?


ஊர்ப்புற நூலகர் | ஞாயிறு, மாலை 4.40

பிள்ளைகள்.

வேறு யார் எழுதினாலும் பின்னட்டையைப் பார்த்து எழுதுவார்கள். படித்த பிள்ளை எழுதட்டும். திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு வரி: இதில் என்ன இருக்கிறது, யாருக்குப் பிடிக்கும். பிழை இருந்தால் இருக்கட்டும், தமிழம்மா சேர்ந்து உட்கார்ந்து திருத்துவார். ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்குச் சொல்லும் சொல்லில்தான் அடுத்த குழந்தை தேடும். நாங்கள் வைக்கும் 'சிறுவர் இலக்கியம், நாவல்' என்ற தலைப்பில் எந்தப் பிள்ளையும் தேடி நான் பார்த்ததில்லை.

அதோடு, இரண்டு வரி எழுத வேண்டுமென்றால் புத்தகத்தை வெளியே எடுத்தாக வேண்டும். பீரோ திறந்துவிடும்.


புதுவயல் அப்பா | ஞாயிறு, இரவு 8.30

நான் ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். மகள் எட்டாவது. நல்ல யோசனை எல்லாம் சொல்கிறீர்கள். எனக்கு ஒரு கவலை. போன வருஷம் ஒரு கற்றல் செயலியில் அவள் பெயரையும் என் கைபேசி எண்ணையும் கொடுத்தோம். அப்புறம் டியூஷன் விளம்பரமாக வந்து குவிந்தது, நாள் முழுக்க அழைப்பு. பிள்ளை என்ன படிக்கிறது என்பதை வெளியாள் யாரும் பார்க்கக் கூடாது. அவள் இந்த வயதில் உடம்பைப் பற்றி ஒரு புத்தகம் எடுக்கலாம், மனக் கஷ்டத்தைப் பற்றி எடுக்கலாம். அது அவளுக்கும் டீச்சருக்கும் தெரிந்தால் போதும்.


ஊர்ப்புற நூலகர் | ஞாயிறு, இரவு 9.00

உங்கள் கவலை நியாயமானது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தையாகத்தான் கணக்கில் எடுக்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்த்த சம்மதம் வேண்டும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. சட்டத்தில் விலக்கு எவ்வளவு இருந்தாலும் நூலகத்துக்கு இன்னும் கறாரான வழக்கம் வேண்டும். புத்தகம் திரும்பி வந்ததும் யார் எடுத்தார் என்ற தொடர்பை அழித்துவிடுங்கள், எத்தனை முறை போனது என்ற எண் மட்டும் இருக்கட்டும். கோஹாவில்கூட இந்த வசதி இருக்கிறது. இரண்டு வரிக் குறிப்பில் பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும்.


கோட்டையூர் ஆச்சி | திங்கள், காலை 5.50

கைபேசியில் வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன், அதுவே தட்டச்சு செய்கிறது. எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, இந்த வசதி வந்த பிறகுதான் இங்கே பேசவே முடிகிறது.

எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுக்கப் புத்தகமும் நோட்டீசும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தார் அதை வாங்கி, நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல் 1994-இல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். அது தப்பித்தது. தப்பிக்காததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டை இடிக்கும்போது தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு நல்ல விலைக்குப் போகும். பெட்டகத்தில் இருந்த காகிதம் எடைக்குப் போகும். பர்மாவில் கொண்டுவித்த, அதாவது தொழில் செய்த, கணக்கு, கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம், மொய் எழுதின ஏடு, அந்தக் காலத்து ஊழியன், குமரன் இதழ்கள், ஐயாக்கள் ஊருக்கு எழுதின கடிதம். நாலு தலைமுறைச் செய்தி பழைய பேப்பர்க்காரர் தராசில் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டு வளவில், உள்முற்றத்தை ஒட்டி, இரண்டு பெட்டி இன்னும் இருக்கிறது. பங்காளிகள் எல்லோரிடமும் கேட்டு, பிள்ளைகளை வரச் சொல்கிறேன். காகிதத்தை வெளியே கொடுக்க மாட்டேன், படம் எடுத்துக்கொள்ளலாம். என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்கிறேன், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்குப் பிறகு அந்தக் கணக்கெழுத்தைப் படிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.


மெய்ப்பு பார்ப்பவன் | திங்கள், காலை 7.30

ஆச்சி, படித்து முடித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. தேவகோட்டையில் இருக்கிறேன், ஸ்கேனர் என்னிடம் உண்டு. நானே வருகிறேன். காகிதம் உங்கள் முகப்பைத் தாண்டாது. குடும்பக் கணக்கில் எதை வெளியே காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பது உங்கள் முடிவு.

தமிழம்மாவுக்கு ஒரு யோசனை. நான் தமிழ் விக்கிமூலம் என்ற கட்டற்ற இணைய நூலகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே வருடின படங்களாக இருக்கின்றன. எழுத்துணரி படத்தை எழுத்தாக்கும், ஆனால் 'ன'வை 'ள'வாக்கும், புள்ளியை விழுங்கும். மனிதர் பக்கம் பக்கமாகப் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒரு பக்கம் செய்யட்டும். சந்திப்பிழை சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளை பச்சையாக்கிய பக்கத்தை யாழ்ப்பாணத்திலும் டொரண்டோவிலும் இருக்கிறவர் படிப்பார்.

இணையம் இல்லாத நாளுக்கு கிவிக்ஸ் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி, கையகல ராஸ்பெரி பை கணினியில் வைத்தால் லேபில் உள்ள எல்லாக் கணினியும் அதிலிருந்து படிக்கும். மதுரைத் திட்டம் 1998-இலிருந்து சேர்த்த பழைய இலக்கியங்கள், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் இருக்கும் படக்கதைகள், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் மின்னூல்கள் எல்லாவற்றையும் அதிலேயே வைக்கலாம், அனுமதியோடு தரப்பட்டவை.

ஒரே ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களை நூலகத்தில் ஏற்றாதீர்கள். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு, நாட்டுடைமை ஆனவை தனி. உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் புத்தகத்தை அந்தப் பழைய மாணவர்கள் தரும் பணத்தில் காசு கொடுத்து வாங்குங்கள்.


செவிவழி வாசகன் | திங்கள், இரவு 7.15

பிறவியிலேயே பார்வை இல்லை. உங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில்தான் பத்தாவது வரை படித்தேன். எங்கள் நூலகத்தில் எனக்குப் படிக்க ஒரு புத்தகம்கூட இல்லை, நண்பன் ஒருவன் இடைவேளையில் வாசித்துக் காட்டுவான். இப்போது என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழ் பேசும். குரல் கொஞ்சம் இயந்திரம் மாதிரி இருக்கும், பழகிவிடும். ஆனால் அதற்கு எழுத்து வேண்டும். வெறும் படமாக இருக்கிற பிடிஎஃப் எனக்கு வெற்றுத்தாள். மெய்ப்பு பார்ப்பவர் சொல்லும் அந்தப் பச்சைப் பக்கம் ஒவ்வொன்றும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பக்கம் கூடுதல்.

நிரலர் அண்ணே, நீங்கள் செய்யும் தேடல் பக்கத்தை விசைப்பலகையால் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பொத்தான்களுக்குப் பெயர் வையுங்கள். தயாரானதும் அனுப்புங்கள், நான் சோதித்துச் சொல்கிறேன்.


செக்காலை நிரலர் | திங்கள், இரவு 7.40

கட்டாயம். நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பள்ளியில் ஏற்றுவேன்.


தமிழம்மா | 12 நாள் கழித்து, சனி, இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி. சந்தா வேண்டாம் என்று பழைய மாணவர்களிடம் சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுருங்கினார்கள். ஆச்சி எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். சிங்கப்பூரில் இருக்கிற ஒருவர் இரவிலேயே அழைத்து, தன் வீட்டுப் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். பணத்தில் ஒரு ராஸ்பெரி பை, ஒரு ஸ்கேனர், மீதிக்குப் புதுப் புத்தகம்.

முதல் பீரோவைத் திறந்தே வைத்திருக்கிறோம், சாவி என்னிடம் இல்லை, வகுப்புத் தலைவியிடம் இருக்கிறது. 210 புத்தகம் தாளில் ஏறிவிட்டது. ஔவையார் ஏழு இடத்தில் தப்பாக இருந்தார், பிள்ளைகளே கண்டுபிடித்துத் திருத்தினார்கள். இரண்டு வரிக் குறிப்பு 31 வந்திருக்கிறது. ஏழாம் வகுப்பிலிருந்து வந்த ஒன்றை அப்படியே தருகிறேன்:

"இதில் ஒரு பையன் அப்பாவைத் தேடி கப்பலில் போறான். அப்பா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் படிக்கலாம், கடைசியில் அழுகை வரும் ஆனா நல்லா இருக்கும்."

நேற்று லேபில் நிரலர் தம்பியின் பக்கத்தில் வேறொரு பையன் 'அப்பா வெளிநாடு' என்று தட்டினான். அந்தப் புத்தகம்தான் முதலில் வந்தது. தட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டு பீரோவுக்கு ஓடினான்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது பீரோ. மதியம் மெய்ப்பு பார்ப்பவரோடு ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்கு வருகிறோம். ஆச்சி, மூன்று மணிக்கு வந்தால் வெளிச்சம் போதுமா? படம் எடுக்க வளவு வெயில் இருந்தால் நல்லது என்கிறார் அவர்.


கோட்டையூர் ஆச்சி | சனி, இரவு 9.05

மூன்று மணிக்கு வளவில் நிழல் விழுந்துவிடும். காலை பத்து மணிக்கே வந்துவிடுங்கள் டீச்சர், பிள்ளைகளுக்குச் சாப்பாடு இங்கேதான்.